பிழைத்த காசு

கேள்வி: சில்லறைக் காசுகளில் விழும் அச்சுப் பிழைகளைத் தேடிச் சேகரித்து வருகிறேன். “பிழையானதைப் பொறுக்கி வைப்பதும் ஒரு பிழைப்பா?” என்று என் அண்ணன் கேட்கிறார். எழுத்துகள் இரட்டையாக விழுந்த காசு ஒன்றும் என்னிடம் இருக்கிறது. அதற்கு என்ன விலை கிடைக்கும்?

பதில்: விலை கிடக்கட்டும். பிழையையும் பிழைப்பையும் உங்கள் அண்ணன் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறாரே, அதைப் பிடித்துக்கொள்கிறேன். தமிழில் பிழைத்தல் என்றால் தவறு செய்தல். தப்பி உயிரோடு இருத்தலும் பிழைத்தல்தான். நாணயச்சாலையில் கோணலாக அடிபட்ட காசு சல்லடையிலோ கண்காணிப்பவரின் பார்வையிலோ சிக்கிவிட்டால் நேரே உலைக்குப் போய்விடும். அத்தனை காவலையும் தாண்டி வெளியே வந்துவிட்ட காசுதான் உங்கள் கையில் இருப்பது. ஆகவே அது இரண்டு பொருளிலும் பிழைத்த காசு.

சின்னக் காசுகளில் இது அதிகம் நேர்வதற்குக் காரணம் உண்டு. அவை கோடிக்கணக்கில் அடிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. தேய்ந்து விரிசல் விட்ட அச்சுகூட இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று விடப்படுகிறது. மக்களும் அவற்றைப் பாராமலே கைமாற்றுகிறார்கள்.

இந்தப் பக்கத்தில் நான் பலமுறை வழக்காடிய விஷயம் ஒன்று உண்டு, இன்றும் விடப்போவதில்லை. நசுங்கியது, அரம் பட்டது, அமிலத்தில் ஊறியது எல்லாவற்றையும் ‘அச்சுப் பிழை’ என்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். எழுத்து மாறி அச்சானால் அது அச்சுப் பிழை. வாங்கிப் போனவர் வீட்டில் பக்கம் கிழிந்தால் அதற்கு அச்சகம் பொறுப்பாகாது. காசுக்கும் இதே நியாயம்தான். உலோகத் தகட்டிலிருந்து வில்லையை வெட்டுவது, வில்லையின் விளிம்பை எழுப்புவது, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடிப்பது ஆகிய வேலைகளில் எந்த இடத்தில் தவறு நேர்ந்தது என்று சொல்ல முடிந்தால்தான் அது பிழை. சொல்ல முடியாவிட்டால் அது பிற்பாடு பட்ட காயம்.

பிறை வடிவில் ஓரம் குறைந்த காசை எடுத்துக்கொள்ளுங்கள். தகடு போதிய தூரம் நகராமல் நின்றுவிட்டதால், முன்பே வெட்டிய துளையின் மேல் வெட்டுக்கருவி மறுபடி விழுந்திருக்கிறது. இது மெய்தானா என்று அறியக் குறைந்த ஓரத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அதற்கு நேர் எதிர் ஓரத்தையும் பாருங்கள். விளிம்பு எழுப்பும் பொறி வில்லையை இருபுறமும் நெருக்கித்தான் வேலை செய்கிறது. ஒரு பக்கம் வெற்றிடமானால் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் இராது. அதனால் அங்கே விளிம்பு மங்கி, தட்டையாக இருக்கும். சேகரிப்பவர்கள் இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். வீட்டில் அரத்தால் ராவிய காசில் எதிர் விளிம்பு குறையில்லாமல் நிமிர்ந்து நிற்கும். ஏமாற்றியவருக்கு அந்த இடத்தைத் தொடவே தோன்றியிராது.

இரட்டை எழுத்து இதைவிட நுட்பமான சங்கதி. 1955ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் காசு இதற்குப் பேர்போனது. பிலடெல்பியா நாணயச்சாலையில் ஓர் அச்சைத் தயாரிக்கும்போது தாய் அச்சால் இரண்டு முறை அழுத்தியிருக்கிறார்கள்; இரண்டாம் முறை சற்றே திரும்பியிருந்ததால், ஆண்டும் எழுத்துகளும் அந்த அச்சிலேயே இரட்டையாகப் பதிந்துவிட்டன. தவறு தெரியவந்தபோது அந்தக் காசுகள் நல்ல காசுகளோடு கலந்துபோயிருந்தன. மொத்தக் குவியலையும் உருக்க மனமில்லாமல் வெளியே விட்டார்கள். இப்படிப்பட்ட காசில் இரண்டு எழுத்துகளும் முழு வடிவத்தோடு, உருண்ட மேடாக நிற்கும்; எழுத்தின் முனைகளில் பிளவு தெளிவாகத் தெரியும். அச்சு தளர்ந்து, அடிக்கும் கணத்தில் அசைந்ததால் வரும் இரட்டிப்பு வேறு. அதில் இரண்டாவது உருவம் தாழ்ந்த தட்டைப் படிபோல் கிடக்கும். மூல எழுத்தே ஒரு பக்கம் அரிக்கப்பட்டு மெலிந்திருக்கும். இந்த இரண்டாவது வகைதான் எங்கும் கிடைப்பது. அரிது என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் இதுவே. அறிந்தே அப்படி விற்பவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

வில்லை மாறிப்போன கதையும் இருக்கிறது. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943இல் அமெரிக்கா ஒரு சென்ட் காசைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகளில் சில, வில்லைகளைக் கொண்டுபோகும் பெட்டியின் இடுக்கில் தங்கியிருந்து, புது அச்சின் கீழ் வந்து சேர்ந்தன. அவற்றுக்குப் பேர் வந்ததும் எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசுகிறவர்களும் வந்தார்கள். ஒரு காந்தம் போதும், முலாம் பூசியது போய் ஒட்டிக்கொள்ளும். 2008இல் பிரிட்டனின் 20 பென்ஸ் காசில் ஆண்டைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு மாற்றியபோது, பழைய முன்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் ஜோடி சேர்ந்துவிட்டன. இரண்டு பக்கத்திலும் ஆண்டில்லாத காசு வெளியே வந்தது. 300 ஆண்டுகளுக்கு மேலாக அந்த நாட்டில் நேராதது அது.

வேலை நடந்த விதத்தைக் குறையில்லாத காசு தன் முகத்துக்குள் மறைத்துக்கொள்கிறது. தகடு நகராமல் நின்றதையும் அச்சு திரும்பியதையும் வில்லை இடுக்கில் தங்கியதையும் பிழைத்த காசுதான் காட்டிக்கொடுக்கிறது. இதைப் படிக்கத் தெரிந்தவர் செய்வதை வீண் வேலை என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிறை வடிவில் ஓரம் குறைந்த காசு கையில் கிடைத்தால், அண்ணனிடம் அதன் எதிர் விளிம்பைக் காட்டிப் பாருங்கள்.

உங்களிடம் உள்ள இரட்டை எழுத்துக் காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். மேற்பரப்பு போனால் சாட்சியமும் போய்விடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து, இரண்டாவது எழுத்து மேடாக நிற்கிறதா, படியாகக் கிடக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். விலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.