ஐந்து நாளா, முப்பது நாளா? மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு: கேள்வி பதில்

புற்றுநோய் அல்லாத மூளைக் கட்டிகளுக்குத் தரும் கதிர்வீச்சைப் பற்றியும், ஆறு வாரச் சிகிச்சையை ஒரு வாரமாகச் சுருக்கும் முறையைப் பற்றியும் கேட்கச் சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நான் கதிர்வீச்சு மருத்துவன். படத்தைப் பார்க்காமல் யாருக்கும் ‘உங்களுக்கு இத்தனை சிட்டிங்’ என்று சொல்ல மாட்டேன். அதை மட்டும் கேட்டிருந்தவர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: அம்மாவுக்கு மெனிஞ்சியோமா (மூளையின் உறையில் வளரும் கட்டி). பார்வை நரம்பை ஒட்டி 2.5 செ.மீ. இருக்கிறது. ஒரு டாக்டர் ஐந்து நாள் போதும் என்கிறார், இன்னொருவர் முப்பது நாள் என்கிறார். யாரை நம்புவது?

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். நாள் கணக்கை முடிவு செய்வது கட்டி அல்ல, கட்டிக்குப் பக்கத்தில் இருப்பது. பார்வை நரம்பு ஒரே நாளில் 8 முதல் 10 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரைதான் பத்திரமாகத் தாங்கும். கட்டியை நிறுத்த ஒரே நாளில் 12 முதல் 16 கிரே வேண்டும். கட்டிக்கும் நரம்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் ஒரே நாளில் முடிக்கலாம். இல்லையென்றால் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். ஐந்து தவணையாகப் பிரித்தால் அதே நரம்பு சுமார் 25 கிரே தாங்கும். கட்டிக்கு நாளொன்றுக்கு 5 வீதம் ஐந்து நாளில் தரும் அளவும் 25தான். ஐந்து நாள் முறை பிறந்ததே இந்தப் பொருத்தத்தில்தான்.

ஆனால் கட்டி நரம்பைச் சுற்றிப் படர்ந்திருந்தால், அல்லது நரம்பின் உறையிலிருந்தே முளைத்திருந்தால், நான் பழைய முறைக்கே போவேன்: தினம் 1.8 கிரே, வாரம் ஐந்து நாள், மொத்தம் 50.4 அல்லது 54. அலைச்சல் அதிகம்தான். ஆனால் நரம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள ஒவ்வொரு இரவும் அவகாசம் கிடைக்கிறது. அந்த இரண்டு டாக்டர்களிடமும் ஒன்றையே கேளுங்கள்: “பார்வை நரம்புக்கு உச்சமாக எவ்வளவு போகிறது?” எண்ணைச் சொல்லி விளக்குபவரிடம் போங்கள்.

கட்டியின் கிரேடையும் (எவ்வளவு தீவிரமாக வளரும் வகை என்று காட்டும் எண்) பாருங்கள். ‘மெனிஞ்சியோமா’ என்ற பெயர் மட்டும் போதாது. கிரேடு 2 என்றால் இன்று நான் சொல்லும் எதுவும் அப்படியே பொருந்தாது.

கேள்வி: ரேடியேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் குழந்தையைத் தூக்கலாமா?

தாராளமாக. கருவியை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. ‘கரண்டு வைக்கிறார்கள்’ என்று சொல்லிச் சொல்லியே பயத்தை வளர்த்துவிட்டோம். அது மின்சாரமும் அல்ல.

கேள்வி: நான் பொறியாளன். 25 என்பது 54இல் பாதிகூட இல்லை. பாதி மருந்து கொடுத்துவிட்டு ‘அதே பலன்’ என்றால் எப்படி நம்புவது?

இன்றைய கேள்விகளில் எனக்குப் பிடித்தது இது. கிரேயை ரூபாய் போலக் கூட்டக் கூடாது. ஒரே தடவையில் விழும் அளவு ஏற ஏற, உண்டாகும் சேதம் அதைவிட வேகமாக ஏறும். இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. மொத்த அளவை, ‘ஒன்று கூட்டல் ஒரு தவணை அளவு வகுத்தல் 3’ என்பதால் பெருக்குங்கள்; வருவது தாக்கத்தின் கணக்கு. 54ஐ 1.8 வீதம் கொடுத்தால் 86 வரும். 25ஐ 5 வீதம் கொடுத்தால் 67. ஒரே நாளில் 13 கொடுத்தால் 69. கடைசி இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, பார்த்தீர்களா?

(அவரே மீண்டும்): அப்படியானால் உங்கள் கணக்குப்படியே 67 என்பது 86ஐவிடக் குறைவு. என் சந்தேகம் அப்படியே நிற்கிறது.

பிடித்துவிட்டீர்கள். ஆமாம், குறைவுதான். 3 என்ற எண்ணும் மூளைத் திசுவுக்கான தோராயம். அதை 2 என்று வைத்தால் இடைவெளி சுருங்கும், மறையாது. பெரிய தவணைகளில் இந்தச் சூத்திரம் எவ்வளவு செல்லும் என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. நான் சூத்திரத்தை நம்பி ஐந்து நாள் கொடுப்பதில்லை. செவி நரம்புக் கட்டிக்கு ஆரம்ப காலத்தில் ஒரே நாளில் 16 முதல் 20 கிரே வரை கொடுத்தார்கள், முக நரம்பு அடிபட்டது. அதை 12, 13ஆகக் குறைத்த பிறகும் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட கட்டிகள் அடங்கியே இருந்தன. அப்படியென்றால் 86 என்பது தேவைக்கு மேற்பட்ட அளவாகவே இருக்கலாம்.

(இன்னொருவர் குறுக்கே): என் மனைவிக்கு முப்பது நாள் கொடுத்தார்கள். அப்போது தேவையில்லாமல் அலைக்கழித்தார்களா?

இல்லை ஐயா. அப்படி நான் சொல்லவே இல்லை. பெரிய கட்டி, நரம்பைச் சுற்றிய கட்டி, மூளைத்தண்டை அழுத்தும் கட்டி ஆகியவற்றுக்கு முப்பது நாள்தான் முறை. குறுகிய முறையில் அதிக ஆண்டுகள் பின்தொடர்ந்த அனுபவமும் குறைவு. இந்தக் கட்டிகளோ பத்து, பதினைந்து ஆண்டு கழித்து வாலாட்டும் வகை. உங்கள் மனைவிக்குக் கிடைத்தது நெடுநாள் சோதித்த சிகிச்சை.

(பொறியாளர்): அப்போது ஐந்து நாள் என்பது மருத்துவமனையின் வசதிக்கா?

சில இடத்தில் அப்படியும் நடக்கும், மறுக்க மாட்டேன். கோவிட் காலத்தில் நடமாட்டத்தைக் குறைக்கவே பல இடங்களில் தவணைகளைச் சுருக்கினார்கள். ஆனால் எண்பது வயதுக்காரரை முப்பது நாள், தலையை அசையாமல் பிடிக்கும் முகமூடிக்குள் படுக்க வைப்பதும் வசதிக் கேள்விதான், நோயாளியின் வசதி. இதோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: செவி நரம்புக் கட்டிக்குச் சிகிச்சை முடிந்து எட்டு மாதம். எம்.ஆர்.ஐ.யில் கட்டி பெரிதாகியிருக்கிறது. ஆபரேஷன் என்கிறார்கள்.

அறிகுறி மோசமாகவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். கதிர் பட்ட கட்டி முதல் ஆறு முதல் பதினெட்டு மாதத்தில் வீங்கி, பிறகு வற்றுவது சகஜம். நடுவில் கறுத்திருந்தால் நல்ல அடையாளம். அடுத்தடுத்த படங்களை வரிசையாக வைத்து ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு படத்தை வைத்துக் கத்தியை எடுக்கக் கூடாது. நடை தள்ளாடுகிறது, விடாத வாந்தி, தலைவலி என்றால் அது வேறு கதை, உடனே போங்கள்.

வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டு கொடுத்திருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி: முடி கொட்டுமா?

கட்டி ஆழத்தில் இருந்தால் பெரும்பாலும் இல்லை. மண்டையோட்டை ஒட்டி இருந்தால் அந்த இடத்தில் திட்டாகக் கொட்டலாம். பெரும்பாலும் மீண்டும் முளைக்கும்.

கேள்வி: காமா நைஃப் நல்லதா, சைபர்நைஃப் நல்லதா?

இரண்டிலும் கத்தி கிடையாது. முன்னதில் கோபால்ட், பின்னதில் ரோபோ கையில் ஏற்றிய லீனியர் ஆக்சிலரேட்டர் (மின்சாரத்தால் எக்ஸ்ரே கதிரை உண்டாக்கும் கருவி). ஸ்வீடன் மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951இல் யோசனையை வெளியிட்டு, அறுபதுகளின் கடைசியில் ஸ்டாக்ஹோமில் அதைக் காமா நைஃப் கருவியாக்கினார். கருவியைவிட, அதை இயக்கும் குழு இந்தக் கட்டியை எத்தனை முறை பார்த்திருக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: புரோலாக்டின் (பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோன்) சுரக்கும் பிட்யூட்டரி கட்டி. ஐந்து நாள் முறை உதவுமா?

முதலில் மாத்திரை. பெரும்பாலோருக்குக் கேபர்கோலினே போதும். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். கதிர்வீச்சு அவசியமானால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஹார்மோன் குறைபாடு பல ஆண்டு கழித்தும் வரும், ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை வேண்டும். ஸ்டெராய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று மேலே சொன்னது உங்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

கேள்வி: செவி நரம்புக் கட்டி சிறியது, தொந்தரவு இல்லை. சும்மா இருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் கண்காணிப்போடு. நார்வேயில் 100 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே கதிர், மற்றதற்குக் காத்திருப்பு என்று நான்கு ஆண்டு பார்த்து 2023இல் வெளியிட்டார்கள். கதிர் பெற்றவர்களின் கட்டி சராசரியில் சற்றுச் சுருங்கியது, காத்திருந்தவர்களுக்கு வளர்ந்தது. கேட்கும் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. காது தப்பும் என்று நம்பி அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: ரேடியேஷனே பிற்காலத்தில் புற்றுநோய் தராதா?

தரலாம், மிக அரிதாக. இஸ்ரேலில் 1950களில் சிறுவர்களின் தலைப்படைக்குக் கதிர் கொடுத்தார்கள். மூளைக்குப் போனது 1.5 கிரே அளவுதான். பல பத்தாண்டு கழித்து அவர்களிடம் மெனிஞ்சியோமா கூடுதலாகத் தென்பட்டது. அதனால்தான் குழந்தைகளிடமும், என்எஃப்2 (நரம்புகளில் கட்டிகள் வரும் பரம்பரை நோய்) உள்ள குடும்பங்களிடமும் கைநடுங்குகிறோம். அறுபது வயதில் வளரும் கட்டியை வைத்துக்கொண்டு இதற்குப் பயப்படத் தேவையில்லை.

கேள்வி: எனக்கு முடி கொட்டுமா என்று...

மேலே பார்க்கவும்.

கேள்வி: வலிப்பு மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஐந்து நாளும் நேற்றோடு முடிந்தது. நன்றாக இருக்கிறார். இனி ஸ்டெராய்டு தேவையில்லை என்று நாங்களே...

இன்றே போன் செய்து அவருடைய டாக்டரிடம் பேசுங்கள். அதுவரை அடுத்த வேளை மாத்திரையைக் கொடுங்கள்.