‘வாக்கர்’ குடும்பப் பெயரும் கம்பளித் தொட்டியும்

கேள்வி: என் கணவர் ஆங்கிலோ-இந்தியர். குடும்பப் பெயர் வாக்கர். முன்னோர் கால்நடையாகத் தபால் சுமந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பார் மாமனார். இணையத்தில் ‘வாக்கர் குலச் சின்னம்’ என்று கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கிறார்கள். வாங்கலாமா? இங்கிலாந்தில் எங்கள் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: சின்னத்தை வாங்க வேண்டாம். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் குடும்பப் பெயருக்குச் சொந்தமானதல்ல. தனி ஒருவருக்கு வழங்கப்பட்டு, அவருடைய நேர் வாரிசுகளுக்குப் போவது. அதே பெயர் நமக்கும் இருக்கிறது என்பதால் உரிமை வந்துவிடாது.

தபால் கதையும் சரியல்ல. வாக்கர் என்பது துணித் தொழிலில் பிறந்த பெயர். தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி தளர்வாக, ஆட்டு ரோமக் கொழுப்பும் நூற்கும்போது சேர்த்த எண்ணெயுமாகப் பிசுபிசுவென்று இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீர் ஊற்றி, மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். சிறுநீரில் உண்டாகும் அம்மோனியா பிசுக்கை எடுக்கும். ஒருவகைக் களிமண்ணும் சேர்ப்பார்கள். நாம் முகத்தில் பூசும் முல்தானி மட்டி அந்த ரகம்தான். மிதிக்க மிதிக்க இழைகள் பின்னிச் சுருங்கித் துணி கெட்டியாகும். பிறகு மரச்சட்டத்தில் வரிசையாகக் கொக்கி மாட்டி இழுத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோணல்மாணலாகச் சுருங்கி, அகலம் தப்பிவிடும். இந்த வேலையைச் செய்தவர்தான் வாக்கர். பழைய ஆங்கிலத்தில் அந்த வேர்ச்சொல்லுக்கு உருட்டுவது, புரட்டுவது என்று பொருள். நடப்பது என்ற பொருள் பிற்பாடு வந்தது.

12ஆம் நூற்றாண்டில் தண்ணீர் விசையில் ஓடும் மரச் சம்மட்டிகள் காலின் வேலையை எடுத்துக்கொள்ளத் தொடங்கின. யார்க்‌ஷயரின் டெம்பிள் நியூசமில் இருந்த அப்படியோர் ஆலை 1185ஆம் ஆண்டுப் பதிவிலேயே இருக்கிறது. ஆனாலும் தொழில் செய்தவரின் பெயர் மாறவில்லை. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் தொழிற்பெயர்கள் பரம்பரைப் பெயர்களாக உறைந்தபோது இதுவும் மகனுக்குப் போனது.

இதே தொழிலுக்கு இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர் என்று பெயர். டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். எக்ஸிடர் நகரில் 1471இல் எழுந்த டக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது. வாக்கர் வடக்கிலும் மத்திய மாவட்டங்களிலும் ஸ்காட்லாந்திலும் வழங்கிய சொல். ஆகவே பெயரை வைத்து ஒரு திசையை ஊகிக்கலாம், ஊரைச் சொல்ல முடியாது. துணி நெய்த ஊருக்கெல்லாம் ஒரு வாக்கர் தேவைப்பட்டார். அவர்கள் அத்தனை பேரும் ஒரே குடும்பமல்ல. நியூகாசிலில் வாக்கர் என்றே ஒரு பகுதி உண்டு. சிலருக்குப் பெயர் அங்கிருந்தும் வந்திருக்கலாம்.

ஊர் வேண்டுமானால் உங்கள் வீட்டிலிருந்து பின்னோக்கித்தான் போக வேண்டும். கணவர், மாமனார், அவருடைய தந்தை என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் தேடுங்கள். ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் இருப்பிடமும் இருக்கும். ரயில்வேயா, ராணுவமா என்று தெரிந்தால் அடுத்து எந்த ஆவணத்தைப் புரட்டுவது என்று புரிந்துவிடும். சென்னைக் கோட்டையில் உள்ள செயின்ட் மேரீஸ் தேவாலயப் பதிவேடுகள் 1680இல் தொடங்குகின்றன. சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் லைப்ரரியில் ‘என்/2’ என்ற வரிசையில் 1698 முதல் உள்ளன. பெரும்பகுதி இணையத்திலும் கிடைக்கிறது. கத்தோலிக்கப் பதிவுகள் எல்லாமே லண்டன் போய்ச் சேரவில்லை. கத்தோலிக்கக் குடும்பமென்றால் பங்கு ஆலயத்திலேயே நேரில் கேளுங்கள்.

இந்தியாவுக்கு முதலில் வந்தவர் யார் என்று உறுதியான பிறகே இங்கிலாந்துப் பதிவுகளுக்குப் போங்கள். அங்கே அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையிலும் தேவாலயப் பதிவேடுகள் 1538இலும் தொடங்குகின்றன. பலரும் தடுக்கி விழும் இடம் இந்தத் தாண்டல்தான். யார்க்‌ஷயரில் ஒரு ஜான் வாக்கர் கிடைத்ததும் ‘இவர்தான்’ என்று முடிச்சுப்போட்டு விடுகிறார்கள். அதே வயதில், பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே நாலைந்து ஜான் வாக்கர்கள் இருப்பார்கள். தந்தை பெயர், மனைவி பெயர், தொழில் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் யாரையும் சேர்க்காதீர்கள். 1841 குடிக்கணக்கில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 35 என்று இருந்தால் 35 முதல் 39 வரை தேடுங்கள். 1752க்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25. அதனால் 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1721. வாக்கரை வால்டர், வாலர் என்று தவறாகப் படித்துப் பட்டியலிட்டிருப்பதும் உண்டு. அந்தப் பெயர்களிலும் தேடி, மூலப் பக்கத்தின் படத்தைப் பார்த்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள்.