இழைக் கோட்பாட்டில் நிலையற்ற அமைப்புகளை எந்தக் கணித முறைகளால் ஆராய்கிறார்கள்?

முறைகள் பல உண்டு. எதில் தொடங்கலாம் என்று கேட்டால், இழையின் ஒவ்வொரு அதிர்வு நிலையையும் ஒரு புலமாக எழுதிக் கணக்குப் போடும் இழைப் புலக் கோட்பாடு என்பேன். அதன் முதல் கணக்கைத் தாளும் பேனாவுமாக நீங்களே போட்டுவிடலாம்.

போசான் வகைத் துகள்கள் மட்டுமே வரும் எளிய வடிவம் போசானிய இழைக் கோட்பாடு. அதில் டி25-பிரேனில், அதாவது 25 வெளிப் பரிமாணங்களிலும் பரவிய பரப்பில், முனைகள் ஒட்டிய திறந்த இழைக்கு டேக்கியான் என்றொரு நிலை வரும். அதன் நிறையின் வர்க்கம் எதிர்க்குறி. கோட்பாடே கோளாறு என்று தோன்றும். உண்மையில் மலையுச்சியில் பந்தை வைத்துவிட்டுக் கணக்கு போடுகிறோம், அவ்வளவுதான். பந்து எங்கே போய் நிற்கும்? பள்ளத்தில் பிரேனே இருக்காது, பள்ளத்தின் ஆழம் பிரேனின் இழுவிசைக்கு (ஓர் அலகு பருமனுக்கு அது தாங்கும் ஆற்றலுக்கு) சரிசமம் என்று 1999-இல் ஊகித்தார் இயற்பியலாளர் அசோக் சென்.

இதைச் சோதிக்க, எட்வர்ட் விட்டன் 1986-இல் இழைப் புலக் கோட்பாட்டுக்குத் தந்த சமன்பாட்டில் டேக்கியானை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற புலங்களை எல்லாம் தூக்கிவிடுங்கள். நிலையாற்றலில் இரண்டே உறுப்புகள் மிஞ்சும்: கழித்தல் குறியோடு புலத்தின் வர்க்கத்தில் பாதி; 2.19 என்ற கெழுவோடு புலத்தின் கனத்தில் மூன்றிலொரு பங்கு. வகையிட்டுப் பூச்சியமாக்கினால் பள்ளம் 0.456-இல் விழும், ஆழம் 0.0347. அதே அலகில் இழுவிசை 0.0507. அதாவது 68 சதவீதம். இவ்வளவு முரட்டுத்தனமாக வெட்டியும் இத்தனை கிடைப்பதே ஆச்சரியம்தான். அடுத்த மட்டத்து அதிர்வு நிலைகளின் புலங்களைச் சேர்த்தால் 95, அதற்கடுத்து 98.6. அப்புறம் ஒரு வேடிக்கை: மட்டத்தை இன்னும் ஏற்றினால் விடை 100-ஐ இம்மியளவு தாண்டிவிடும், மேலே போகப்போகத் திரும்பி வரும் என்று கணித்தார்கள். 2005-இல் மார்ட்டின் ஷ்னாப்ல் தோராயமே இல்லாத தீர்வைக் கண்டார். ஆழம் அச்சாக அதே இழுவிசை. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த கணக்கு இதுதான்.

பந்து உருளும்போது என்ன நடக்கிறது என்பதற்கு இந்த முறை அவ்வளவு வசதியில்லை. அங்கே எல்லையுள்ள பரப்பின் மீதான கன்ஃபார்மல் புலக் கோட்பாடு (கோணங்களை மாற்றாமல் நீட்டிச் சுருக்கினாலும் மாறாத கோட்பாடு) கைகொடுக்கும். 2002-இல் சென் அதைக் கொண்டு போட்ட கணக்கில், ஆற்றல் அப்படியே இருக்க அழுத்தம் மட்டும் பூச்சியத்தை நோக்கிப் போகிறது. பிரேனும் எதிர் மின்னூட்டம் கொண்ட எதிர்ப்பிரேனும் ஒன்றையொன்று அழித்த பிறகு எந்த மின்னூட்டம் மிஞ்சும் என்று கேட்டால் அதற்கு கே-கோட்பாடு என்ற இடவியல் கணிதம் இருக்கிறது.

இவ்வளவும் திறந்த இழைக்கு. முனைகள் சேர்ந்து வளையமான மூடிய இழையின் டேக்கியான் வேறு சங்கதி. அங்கே ஆட்டம் காண்பது காலவெளியே. வெளி கூம்பாகக் குவியும் முனையில் ஒட்டிய டேக்கியான் என்றால், கூம்பு மெல்ல விரிந்து தட்டையாகும் என்று 2001-இல் ஆடம்ஸ், போல்சின்ஸ்கி, சில்வர்ஸ்டைன் காட்டினார்கள். போசானிய இழையில் வெளி முழுக்கப் பரவிய டேக்கியான் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இன்னும் எல்லோரும் ஏற்ற விடை இல்லை.