வயலில் பத்து சென்ட் குட்டை: அப்பா ஒப்பவில்லை, அலுவலர் பிடிகொடுக்கவில்லை!

கேள்வி: எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. குறுவை, தாளடி இரண்டும் நெல்தான். பள்ளமான மூலையில் பத்து சென்ட் குட்டை வெட்டி, மீனும் கோழியும் சேர்க்க ஆசை. அப்பா ஒப்பவில்லை. வேளாண் உதவி அலுவலரும் பிடிகொடுத்துப் பேசவில்லை. இறங்கலாமா?
– வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: அலுவலரைக் கோபிக்காதீர்கள். நெல் வேளாண் துறை, மீன் மீன்வளத் துறை, கோழி கால்நடைத் துறை, கரையில் வைக்கும் வாழை தோட்டக்கலைத் துறை. அவரவர் இலக்கு அவரவருக்கு. ஒரே வயலில் நாலும் கூடினால் யாருக்கும் அது முழு வேலை இல்லை. மீனுக்கு மீன்வளத் துறையிடமே போங்கள்.

அப்பா பேச்சிலும் நியாயம் உண்டு. நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கிறது, மீனுக்கு? வெட்டுமுன் வியாபாரியிடம் பேசிவிடுங்கள். ஏக்கருக்கு 30 மூட்டை எடுப்பவருக்குப் பத்து சென்டில் போவது போகத்துக்கு மூன்று மூட்டை. அதை அப்பாவிடம் எழுதியே காட்டலாம்.

அடுத்து தண்ணீர். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். மீன்குஞ்சு விற்பனை எடைக்கு வர எட்டு முதல் பத்து மாதம் ஆகும். கடைசி மாதங்களுக்குப் போர்வெல் தண்ணீர் இல்லையென்றால் இந்த யோசனையே வேண்டாம்.

பத்து சென்ட்டுக்குச் சுண்ணாம்பு 10 கிலோ. இரண்டு வாரம் கழித்து விரலளவுக் குஞ்சு 400: மேல்மட்டத்தில் மேயும் கட்லா 160, நடுவில் ரோகு 120, அடியில் மிர்கால் 120. குஞ்சுப் பையைக் கட்டவிழ்க்காமல் இருபது நிமிடம் குட்டையில் மிதக்க விட்டுத் திறங்கள்.

எச்சம் குட்டைக்கு உரமாக விழ, குட்டைமேல் கூண்டில் முட்டைக்கோழி 20 போதும். ஆசைப்பட்டு ஐம்பது வைப்பவர்களுக்குத்தான் அடி விழுகிறது. எச்சம் அதிகமானால் அழுகித் தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வானம் மூடாக்கு போட்ட நாட்களில் இன்னும் மோசம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், கூண்டுக்கடியில் சாக்கைக் கட்டி எச்சத்தை நிறுத்துங்கள். மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து சிதற விடுங்கள். வெயில் ஏறும்வரை நிறுத்த வேண்டாம்.

பள்ளமூலை என்கிறீர்கள், அதுதான் உறுத்துகிறது. பூச்சிமருந்து தெளித்த வயலின் வடிநீர் அங்கேதான் வரும். குருணை மருந்து கலந்தால் ஒரே இரவில் மீன் மிதக்கும். வெட்டிய களிமண்ணைக் கொண்டு, ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் ஏறாத உயரத்துக்குக் கரை போட்டு, வடிகாலைக் குட்டைக்கு வெளியே திருப்புங்கள். முடியாதென்றால் மேட்டுமூலையில் வெட்டுங்கள். தண்ணீர் இறைக்கிற செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.