பழைய பத்மினி காரின் பானெட்டில் உள்ள பெயிண்டைச் சாண்ட் பிளாஸ்டிங் செய்து உரிக்கலாமா?

வேண்டாம். பானெட், கூரை, கதவின் வெளித்தகடு இவற்றைக் காற்றழுத்தத்தில் மணலை வேகமாக அடித்து உரிக்கும் அந்தச் சாண்ட் பிளாஸ்டிங் இடங்களுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். கையால் உரித்தால் நாள்கணக்காகும், அங்கே கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் முடியும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். ஆனால் தகடு கெட்டுவிடும்.

கோவையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர், பம்ப் வார்ப்புகளுக்கு மணல் அடிக்கும் இடத்தில் தன் பத்மினியின் பானெட்டைக் கொடுத்து அடித்து வாங்கி, பட்டி பார்க்க என்னிடம் கொண்டுவந்தார். துரு, பழைய பெயிண்ட் எதுவும் இல்லாமல் சாம்பல் நிறத்தில் சுத்தமாகத்தான் இருந்தது. டியூப்லைட்டைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினேன். நடுப்பகுதி அப்பளம்போல் உப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் ‘டப்’பென்று உள்ளே போகும்; விட்டால் வெளியே வரும்.

சூட்டினால்தான் வளைகிறது, தண்ணீர் கலந்து அடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். சூடு பெரிய காரணமே அல்ல. வேகமாக வந்து மோதும் ஒவ்வொரு மணலும் தகட்டின் மேல்பரப்பைத் தட்டி விரிக்கிறது. அடிப்பரப்பு விரிவதில்லை. அதனால் அடிபட்ட பக்கமாகவே தகடு எழும்புகிறது. கனமான வார்ப்பு இதைத் தாங்கும். ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள தகடு எப்படித் தாங்கும்?

“நாங்கள் அடித்தோம், ஒன்றும் ஆகவில்லை” என்று எழுத வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. 30, 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில், நாசிலைத் தள்ளிச் சாய்த்துப் பிடித்து, சோடாத் தூளோ பிளாஸ்டிக் துகளோ அடித்திருப்பீர்கள். அது வேறு வேலை, அதை நான் குறை சொல்லவில்லை. 100 பிஎஸ்ஐயில் நேர்க்குத்தாக மணல் அடிக்கும் இடங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். வீல் டிஸ்க்கையும் சஸ்பென்ஷன் பாகங்களையும் நானே அங்கு அனுப்புகிறேன்.

“பட்டி போட்டு மறைத்துவிடுங்கள் அண்ணா” என்றார் அந்த வாடிக்கையாளர். தகடு அதிர அதிரப் பட்டி வெடிக்கும் என்று மறுத்துவிட்டேன். கேஸ் வைத்துப் புள்ளி புள்ளியாகச் சிவக்கக் காய்ச்சி, அடியில் டாலி என்ற இரும்புக் கட்டையை அணை கொடுத்துத் தட்டி, ஈரத்துணி வைத்துச் சுருக்கினேன். வண்டி தயாரானதும் பாராட்டெல்லாம் பெயிண்டருக்குப் போனது; கூலியைக் குறைக்கச் சொன்னது என்னிடம். இந்தத் தொழிலில் எப்போதும் இதே கதைதான். பெயிண்டுக்கு அடியில் இருக்கும் உழைப்புக்கு யாரும் விலை வைப்பதில்லை. பிறகு எந்த இளைஞன் சுத்தியலைப் பிடிக்க வருவான்?

நீங்கள் பெயிண்ட் ரிமூவர் தடவி உரியுங்கள். விளிம்பு மடிப்புகளில் மருந்து தங்காமல் கழுவி, நன்றாகக் காயவிட்டு, எமரித் தாள் போடுங்கள். வெறும் தகட்டை இரவு முழுவதும் விட்டுவைக்காமல் அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள்.