மீட்டர் சொன்னபடி எடுத்தும் முகம் ஏன் கறுக்கிறது?

கேள்வி: பழைய ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் கேமராவில், ஒளியை அளக்கும் மீட்டரின் முள் காட்டியபடியே எடுக்கிறேன். ஆனாலும் ஜன்னலுக்கு முன் நிற்பவர்களின் முகம் கறுத்துவிடுகிறது. மீட்டரை மாற்ற வேண்டும் என்கிறார் பழுதுபார்ப்பவர். மாற்றட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக்கொள்ளும் கருவிதான் மீட்டர். ஜன்னல் வெளிச்சம் அதன் கண்ணில் பட்டதும் வெளிச்சம் மிகுதி என்று முடிவுகட்டி, முகத்துக்கு வேண்டிய ஒளியையும் குறைத்துவிடச் சொல்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனியான கண்ணாடித் துளை வழியாகப் பார்ப்பதால், மீட்டர் எந்தப் பகுதியை அளக்கிறது என்பதும் தெரிவதில்லை.

ஆகவே முகத்துக்கு அருகே சென்று, உங்கள் நிழல் விழாமல், முகத்தை மட்டும் அளந்து அபர்ச்சரையும் (லென்ஸின் திறப்பு) ஷட்டரையும் (ஒளி விழும் நேரம்) வையுங்கள். பின்னால் வந்து படமெடுக்கும்போது முள் எங்கே ஓடினாலும் பொருட்படுத்த வேண்டாம். அருகே செல்ல முடியாவிட்டால், அதே ஒளி விழும்படி உங்கள் உள்ளங்கையை நீட்டி அளந்து, அது சாம்பலைவிட வெளிறியது என்பதால் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு ஒளி வரும்படி, கூடுதலாகத் திறந்துகொள்ளுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் ஒளியைத் தாங்கும், குறைவைத் தாங்காது.

ஷட்டர் வேகத்தைத் தானே முடிவுசெய்யும் யாஷிகா எலக்ட்ரோ 35 போன்ற கேமராவாக இருந்தால் இந்த வழி உதவாது. அதில் ஃபிலிமின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ வளையத்தைத்தான் திருப்ப வேண்டும்: 400 ஃபிலிமுக்கு 200 என்று வைத்தால் ஒரு ஸ்டாப், 100 என்று வைத்தால் இரண்டு ஸ்டாப் கூடும். அந்தப் படம் முடிந்ததும் வளையத்தை மறக்காமல் 400-க்கே திருப்பிவிடுங்கள்; மறந்தால் மீதி ரோல் முழுவதும் தேவையின்றி மிகை ஒளியில் பதிவாகும்.

'முள் அசைகிறது, மீட்டர் நன்றாக இருக்கிறது' என்று சொல்லி விற்பவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முள் அசைவதால் அளவு சரி என்றாகாது. பழைய கேமராக்கள் பலவும் 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்காக உருவானவை. அந்தப் பேட்டரி விற்பனையிலிருந்து போய்விட, இடைத்தரகர்கள் அதே அளவிலான 1.5 வோல்ட் ஆல்கலைனைச் செருகி விற்றுவிடுகிறார்கள். மீட்டர் வெளிச்சத்தை மிகுத்துக் காட்டுகிறது, படம் இருண்டுபோகிறது. காதுக்கருவிக்கான 1.4 வோல்ட் ஜிங்க்-ஏர் பேட்டரியைப் போட்டுப் பாருங்கள். பிறகு, நல்ல வெயில் நேரடியாக விழும் இடத்தில் 100 ஐ.எஸ்.ஓ-வுக்கு மீட்டர் ஏறத்தாழ எஃப்/16 அபர்ச்சர், 1/125 நொடி ஷட்டர் என்று காட்டுகிறதா என்றும் சோதியுங்கள். காட்டினால் பழுதுபார்ப்பவருக்கு வேலையே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல லேப்கள் ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு, கேட்டால்தான் நெகட்டிவைத் தருகின்றன. ஸ்கேனரோ ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் தன்னிச்சையாகத் திருத்திவிடுகிறது. தவறு எங்கே நடந்தது என்று வாடிக்கையாளர் எப்படித்தான் கண்டுபிடிப்பது? நெகட்டிவைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முகம் இருக்கும் இடம் எந்த விவரமும் இன்றி வெறுமையாகத் தெரிந்தால் ஒளி போதவில்லை. கண்ணும் மூக்கும் தெளிவாகப் பதிந்திருந்தால் குறை ஸ்கேனில்தான், மறுபடி ஸ்கேன் செய்து தரும்படி லேபிடமே கேளுங்கள்.