மே மாதமும் இரண்டு சின்னப் பிள்ளைகளும்

அன்புள்ள அக்கா,

பெயர் வேண்டாம், மார்த்தாண்டம் என்று மட்டும் போடுங்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு ஆறு வயது, இளையவளுக்கு மூன்று. அவர்கள் அப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை, மே மாதம் லீவில் வருகிறார். ஊட்டி நாலு நாள், மூணாறு மூன்று நாள் என்று அங்கிருந்தே திட்டம் போட்டு அனுப்பிவிட்டார். போன வருடம் கொடைக்கானல் போனோம். மலை ஏறும் வழியெல்லாம் சின்னவள் வாந்தி. மேலே போனால் வண்டி நகரவில்லை. அறையில் டிவி பார்த்ததுதான் மிச்சம். இந்தத் தடவை நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே சுற்றலாம் என்றால், "சொந்த ஊர்ல பாக்க என்ன இருக்கு?" என்கிறார். நான் காசைப் பிடிக்கிறேன் என்று மாமியார் நினைக்கிறார்கள். இங்கே எங்கே போகலாம், எப்படிப் போகலாம் என்று எழுதுவீர்களா?

அன்புள்ள தங்கைக்கு,

நான் உங்கள் கட்சி. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. நீதிமன்றம் தலையிட்டு வண்டிகளுக்குக் கணக்கு வைக்கச் சொல்லும் அளவுக்கு அங்கே கூட்டம். மூன்று வயதுக்காரிக்கு அங்கே என்ன வேலை?

அவளுக்கு ஒரு நாள் என்பது காலையில் கண் விழிப்பதில் தொடங்கி மதியம் கண் அயர்வதோடு முடிகிறது. அதற்குள் ஓரிடம் போதும். உங்கள் வீட்டுக்காரரின் திட்டத்தில் ஒரு நாளைக்கு எத்தனை இடம் என்று எண்ணிப் பாருங்கள், வாந்திக்குக் காரணம் மலைப்பாதை மட்டும்தானா என்று தெரிந்துவிடும். ஒன்றுவிட்டு ஒரு நாள், காலை ஏழு மணிக்குப் புறப்பாடு, வெயில் உச்சிக்கு வருமுன் வீடு. நடுவில் வரும் நாளில் எங்கும் போக வேண்டாம். சக்கை, அதாவது பலாப்பழம் வெட்டுவதும், காட்டுப் பலாவான ஐனிச்சக்கை பொறுக்குவதும் அந்த நாளுக்கு. மாமியாரும் அந்த நாளில்தான் முழுதாகக் கிடைப்பார்கள். பிள்ளைகளுக்குப் பார்வதிபுரமும் ஒன்றுதான் பாரிசும் ஒன்றுதான். அப்பா கூட வருகிறாரா என்பதே அவர்களுக்குக் கணக்கு.

பிள்ளைகளுக்குத் தண்ணீர் வேண்டும். அதற்குக் குலசேகரம் வழியாகத் திற்பரப்பு. கோதையாறு அங்கே அருவியாக விழுகிறது, கீழே சிறுவர்கள் இறங்கி அளையத் தோதான ஆழம் குறைந்த குளமும் இருக்கிறது. வாரநாளில், காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் தலைகளைத்தான் பார்க்கலாம். கோடைமழை பெய்த மறுநாள் என்றால் தண்ணீர் கொஞ்சம் தாராளமாக விழும். ஆனால் மேலே மலையில் மழை கனத்திருந்தால் அன்று குளிக்க விடமாட்டார்கள், விட்டாலும் இறங்காதீர்கள். பையில் மட்டிப்பழம் ஒரு சீப்பு. பால்குடி மறக்காத பிள்ளைக்கே நம் ஊரில் ஊட்டுகிற பழம் அது, வழியில் வயிற்றைப் புரட்டாது. 2023ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது, மஸ்கட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லலாம்.

கடலைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பார்க்கலாம், மணலில் விளையாடலாம், கால்கூட நனைக்க வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே காற்றில்லாமல், மழையில்லாமல், வானம் தெளிவாக இருக்கும்போதே கடல் ஏறி வரும். கள்ளக்கடல் என்பார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் கொடுங்காற்று எழுப்பிய அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, சில நாள் கழித்து நம் கரையில் வந்து ஏறுகிறது. இங்கே நிற்பவருக்கு அதன் அடையாளமே தெரியாது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது, கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, செய்தியிலும் வரும். அதைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். உங்களுக்குப் பக்கத்தில் தேங்காப்பட்டணம் இருக்கிறது, குழித்துறை ஆறு கடலில் சேரும் பொழிமுகம். பார்க்க அமைதியாகத்தான் தெரியும். அங்கே பிள்ளையின் கையை விடாதீர்கள்.

மாலைக் கடலுக்கு என் ஓட்டு முட்டத்துக்கு. இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மே மாதம் கன்னியாகுமரியில் நின்றால் சூரியன் கடலில் இறங்காது. அது வடக்கே சாய்ந்து போகும் காலம் என்பதால் கரைப்பக்கம் மறைந்துவிடும். முட்டம் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே கடலிலேயே விழுவதைப் பார்க்கலாம். பாறைகளில் மட்டும் ஏறவிடாதீர்கள்.

வெயில் தாங்காத நாளுக்குப் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை மூடியிருக்கும், அதைத் தெரியாமல் வாசலில் வந்து நிற்கும் குடும்பங்களை எப்போதும் பார்க்கலாம். மரமும் ஓடும் என்பதால் உள்ளே குளிர்ச்சி. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இது, இப்போது பராமரிப்பது கேரள அரசு, இந்த வரலாறெல்லாம் உங்களுக்கு. மகனுக்கு வேறு விஷயங்கள். படையில் சேர வந்தவர்கள் நூற்றியோரு தடவை தூக்க வேண்டும் என்று சொல்லப்படும் உருண்டைக் கல், ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிட்ட ஊட்டுப்புரை, அங்கே அவன் உயரத்துக்கு நிற்கும் ஊறுகாய் ஜாடிகள், தலை குனியாமல் அவன் மட்டும் நுழையக்கூடிய வாசல்கள். ஏணிப்படிகள் செங்குத்து, சின்னவளை அப்பா தூக்கிக்கொள்ளட்டும். முழுவதும் பார்த்தே தீருவது என்று நிற்காதீர்கள். பாதியில் அழுதால் பாதியில் திரும்புங்கள், பக்கத்துத் தக்கலைதானே.

பள்ளத்தாக்குக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம் நல்ல இடம். 1966ல் கட்டியது, 115 அடி உயரம். ஆனால் ஜூனில் அணை திறக்கும்வரை தொட்டியில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. கீழே பார்த்தால் பெரியவர்களுக்கே கால் கூசும். மகனோடு அப்பா மட்டும் போய்வரலாம். சிதறால் மலை மேயில் வேண்டாம், பாறை சுடும். விவேகானந்தர் பாறைப் படகுக்கும் இப்போது அவசரமில்லை. 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் திறந்தபிறகு விடுமுறை நாட்களில் வரிசை நீளம். மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் அதில் நின்றால் யாருக்கும் முகத்தில் சிரிப்பு இருக்காது.

இதையெல்லாம் சொன்னாலும் உங்கள் வீட்டுக்காரருக்கு 'பயணம் போனோம்' என்ற திருப்தி வராது என்று தெரியும். பதினொரு மாதம் பிள்ளைகளைப் பிரிந்திருக்கிற மனிதர், எதையாவது பெரிதாகச் செய்துவிட வேண்டும் என்று தவிக்கிறார். அதைத் தட்டாதீர்கள். ஒரே ஒரு இரவு வெளியே தங்குங்கள். குழித்துறையில் பாசஞ்சர் ரயில் ஏறுங்கள், பள்ளியாடி, இரணியல் என்று நின்று நின்று போகும், அதுதான் பிள்ளைகளுக்கு வேண்டியது. நாகர்கோவில் தாண்டிக் கன்னியாகுமரியில் இறங்கி, தண்டவாளம் அதற்குமேல் போகாமல் முடியும் இடத்தை மகனிடம் காட்டச் சொல்லுங்கள். கிழக்கே கடல் தெரியும் அறை எடுங்கள். காசு பிடிக்காமல் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், மாமியாரையும் கூட்டிப்போனால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். விடியும்போது எழுப்பினால் ஜன்னலிலிருந்தே உதயம், தூங்கினால் தூங்கட்டும். மறுநாள் வெயில் ஏறுமுன் ரயிலில் திரும்பிவிடலாம்.

செவ்வாய், புதன் இரண்டு நாளாகப் பார்த்துப் போடுங்கள். மே கடைசிக்குத் தள்ளாதீர்கள், இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, சில வருடம் முந்திக்கொள்கிறது.

அன்புடன்,
அக்கா